குடைப்பாறை ஏரியைச் சுற்றி

காதர் பாட்சா தானும் ஏரிக்கு வருவதாகச் சொன்னபோது, அசன் பீவி மறுநாளைக்கு அவித்து எடுத்துப்போக மல்லாட்டைக் கடலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கை அப்படியே நின்றது.

"நீங்களா? அங்க நடக்கணுங்க. மலை ஏறணும்."

"ஏறுறேன். நான் இன்னா படுத்த படுக்கையாவா கெடக்கேன்?"

அவர் சவூதியை ஒரேயடியாக முடித்துக்கொண்டு கோட்டக்குப்பத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. தம்மாமில் பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பும் இடங்களில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தவர். தலையில் ஹெல்மெட் இல்லாதவனைத் திருப்பி அனுப்புவதும், இடுப்பில் பெல்ட் மாட்டாமல் சாரத்தில் ஏறுகிறவனைக் கீழே இறக்குவதும்தான் அவர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், ஒன்றரை மாதம் இருப்பார். அந்த ஒன்றரை மாதமும் விருந்தும் விசாரிப்புமாகப் போய்விடும். மகள் ஃபஸீஹா பிறந்தது, படித்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அசன் பீவி தனியாக நின்று பார்த்த வேலைகள்.

இப்போது வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார். மாடிப்படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டினார். எண்ணெய் டின்னை அடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்து எங்கோ வைத்தார். அவள் தாளிக்கும் நேரத்தில் அதைத் தேட வேண்டியிருந்தது. அவள் ஸ்டூலில் ஏறிப் பரணைத் துடைத்தால் ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, இறங்கு இறங்கு என்றார். "ஒரே பேஜாரா இருக்குடி" என்று மகளிடம் போனில் முணுமுணுத்தாள். ஃபஸீஹா சிரித்தாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அசன் பீவிக்கென்று இருந்தது. சர்க்கரை கூடியிருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னபோது முதலில் தினமும் காலையில் கடற்கரையில் நடக்க ஆரம்பித்தாள். பிறகு அங்கே பழக்கமான ஒருத்தி மூலமாகத் திண்டிவனத்து அருணா டீச்சரின் வாட்ஸப் குழுவில் சேர்ந்தாள். அருணா ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பெண்களும் குடும்பஸ்தர்களுமாக ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு செஞ்சி பக்கத்து மலைகளுக்கும் ஏரிகளுக்கும் அழைத்துப்போவாள். அசன் பீவி அதில் ஒரு ஞாயிறைக்கூட விட்டதில்லை. இதையெல்லாம் போனில் அவரிடம் சொல்லியும் இருந்தாள். "ஏரிக்குப் போனோங்க" என்பாள். "சரி சரி, சாப்ட்டியா?" என்பார் அவர். வேனில் போய், பாய் விரித்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார்.

காலையில் சுபுஹு தொழுதுவிட்டு அவள் தன் ஊதா நிற நடை ஷூவை எடுத்து மாட்டினாள். அவர் அதையே பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன்னுடைய சேஃப்டி ஷூவோடு வந்தார். முனையில் இரும்புத் தகடு வைத்த, ஆளைவிடக் கனமான ஷூ.

"இதுல மலை ஏற முடியாதுங்க. செருப்பு போட்டுக்கினு வந்தாக்கூட நல்லாருக்கும்."

"உனக்குத் தெரியாது. இது மேல கல்லு உழுந்தாலும் விரலுக்கு ஒண்ணும் ஆவாது."

"நாமதாங்க கல்லு மேல நடக்கப் போறோம். கல்லு நம்ம மேல உழப்போறதில்ல."

அவர் ஷூக் கயிற்றை இறுக்கினார்.

வேன் ஓட்டுகிற பிரான்சிஸ் வாசலில் ஹாரன் அடித்தான். ஏறியதும் காதர் பாட்சா டயரைப் பற்றி ஒரு கேள்வி, தீயணைக்கிற சிலிண்டரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். பிரான்சிஸ் கண்ணாடியில் அசன் பீவியைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிளியனூர் தாண்டும்போது பனி இன்னும் வயல்மேல் கிடந்தது. திண்டிவனத்தில் அருணாவும் மற்றவர்களும் ஏறினார்கள். பிரம்மதேசத்துத் தையல்நாயகி வழக்கம்போல அசன் பீவியின் பக்கத்து இருக்கைக்கு வந்தாள். சொந்த நிலத்தில் கேப்பையும் மல்லாட்டையும் போடுகிறவள்; வாரம் முழுக்கக் கொல்லையில் குனிந்து நிமிர்ந்தவள் ஞாயிற்றுக்கிழமையும் எதற்கு நடக்கிறாள் என்று அவள் வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

"பாயும் வந்துக்கீறாரா?" என்று காதில் கேட்டாள்.

"வந்துட்டாரு."

"நல்லதுதானக்கா."

"பாப்போம்" என்றாள் அசன் பீவி.

செஞ்சி சாலையிலிருந்து பிரிந்து ஒரு கிராமத்தின் கடைசியில் வேன் நின்றது. அங்கிருந்து கொல்லைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம், பிறகு காரைச்செடியும் சூரைமுள்ளும் மண்டிய ஏற்றம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே உள்ள கணவாயைத் தாண்டினால் ஏரி. சுற்றிலும் யாரோ கொட்டிக் குவித்தது போன்ற பாறைக் குன்றுகள், நடுவில் தண்ணீர். மார்கழி மழை நன்றாகப் பெய்திருந்ததால் ஏரி நிறைந்து அசையாமல் கிடந்தது. கிழக்குக் கரையோரமாக ஆடு மேய்ப்பவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதை ஒன்று குடைப்பாறை வரைக்கும் போகும். அங்கே ஏறிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு, வந்த வழியே திரும்புவதுதான் அன்றைய திட்டம்.

ஏற்றத்திலேயே காதர் பாட்சாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அசன் பீவி முதலில் அவரோடு நடந்தாள். ஆனால் அவர் நடக்கிற வேகத்துக்கு நடந்தால் அவள் கால் வலித்தது. மெல்ல மெல்ல முன்னே போய்விட்டாள். பின்னாலிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. "தம்பி, அந்தக் கல்லு ஆடுது, கால வைக்காத." "ஏம்மா, லைனா போங்க." முன்பின் தெரியாத ஆள் அதட்டுவதைக் கேட்டு ஒன்றிரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். அருணா மட்டும், "சரிங்க பாய்" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

"அசன்! ஏன் ஓடுற? நில்லு!"

அசன் பீவி நின்றாள். அவர் வந்து சேர்ந்ததும் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அவர் முகம் சிவந்திருந்தது. குதிகாலை ஷூ கடித்துவிட்டது என்று நடையிலேயே தெரிந்தது. கேட்டால் இல்லை என்பார் என்று அவள் கேட்கவில்லை.

குடைப்பாறை என்பது ஒரு பெரிய உருண்டைப் பாறையின் தலையில் தட்டையான இன்னொரு பாறை குடை மாதிரி கவிழ்ந்து நிற்பது. உருண்டைப் பாறையின் பக்கவாட்டில் யாரோ எப்போதோ கால் வைக்க வெட்டிய குழிகள் உண்டு. அதில் ஏறிக் குடைக்குக் கீழே போய் உட்காரலாம். இரண்டு மாடி உயரம் இருக்கும். ஒரு வருஷத்துக்கு முன் வந்தபோது அசன் பீவி பாதியிலேயே பயந்து இறங்கிவிட்டாள். இந்த முறை ஏறிவிட வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தாள். அருணா மேலே போய் நின்று கை கொடுக்க, தையல்நாயகி ஏறினாள். அடுத்து அசன் பீவி அபாயா அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் குழியில் கால் வைத்தாள்.

பாதி ஏறியிருப்பாள்.

"எறங்கு!"

எல்லோரும் திரும்பினார்கள். காதர் பாட்சா கீழே நின்று கத்தினார். "யாரு உன்ன ஏறச் சொன்னது? கயிறு இல்ல, ஒரு மண்ணும் இல்ல! எறங்குன்னா எறங்கு!"

அவர் அவளிடம் இப்படிக் கத்தியது இல்லை. வீட்டில்கூட இல்லை. கீழே இருந்தவர்கள் சிலர் அவரைப் பார்த்தார்கள், சிலர் பார்க்காதது போல ஏரியைப் பார்த்தார்கள். அசன் பீவிக்குக் காது வரை சூடு ஏறியது. இறங்கியிருக்கலாம். இத்தனை வருஷம் போனில் அவர் சொன்ன எதற்கும் அவள் எதிர்ப்பேச்சு பேசினதில்லை. ஆனால் கால் இறங்கவில்லை. அடுத்த குழியைத் தேடி வைத்தாள். அதற்கடுத்ததையும் வைத்தாள். அருணாவின் கை கிடைத்தது.

மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர் வெள்ளைத் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "நான் வேன்ல இருக்கேன். நீங்க வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தார். கூட ஆள் அனுப்புகிறேன் என்று அருணா கூப்பிட்டதற்கு, கையை மட்டும் ஆட்டினார்.

"எறங்கிப் போறீங்களாக்கா?" என்று கேட்டாள் அருணா.

"போவட்டும். வழி தெரியும்ல."

குடைக்குக் கீழே குளிர்ச்சியாக இருந்தது. ஏரி முழுதும் தெரிந்தது. பட்டுப்போன மரமொன்றில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. இதைப் பார்க்கத்தான் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கண் அதில் நிற்கவில்லை. தையல்நாயகி ஏதோ சொன்னாள், அதுவும் காதில் விழவில்லை. கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், குதிகால் கடித்த காலோடு அவர் தனியாகப் போகிறாரே என்றும் இருந்தது.

அப்போதுதான் அந்த வெள்ளைத் தொப்பி கண்ணில் பட்டது. கிழக்குக் கரையில் அல்ல, மேற்குக் கரையில்.

"டீச்சர், அங்க பாருங்க. அவரு அந்தப் பக்கமா போய்க்கினு இருக்காரு."

அருணா எழுந்து பார்த்தாள். எதிரே ஏரிக்கரை நேராகத் தெரிகிறது. இந்தப் பக்கமாகப் போனால் கிட்டம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் மேற்கில் பாதையே கிடையாது. மலையிலிருந்து வரும் ஓடை ஏரியில் விழுகிற இடம் அது. முந்தின வருஷத்துப் புயலில் வண்டல் வந்து இறங்கி, மேலே புல் முளைத்து, தரை மாதிரி தெரியும். ஆடு மேய்ப்பவர்கள் அந்தப் பக்கம் போகவே மாட்டார்கள் என்று அருணா முன்பே சொல்லி வைத்திருந்தாள். அதைச் சொன்ன நேரத்தில் அவர் மூச்சு வாங்கியபடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

போன் போட்டார்கள். சிக்னல் இல்லை. சத்தம் போட்டார்கள். தொப்பி நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நின்றது. பிறகு அசையவே இல்லை.

அசன் பீவி எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. தையல்நாயகி பின்னாலேயே வந்தாள். கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள அருணா நின்றுகொண்டாள். உதவி வேண்டுமென்றால் துப்பட்டாவை ஆட்டிக் காட்டச் சொன்னாள். முள்ளையும் பாறையையும் சுற்றிக்கொண்டு இருவரும் ஏறக்குறைய ஓடினார்கள்.

காதர் பாட்சா முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு காரைக்குச்சி. அவர் ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் இறங்கியது.

"கிட்ட வராத!" என்றார் அவளைப் பார்த்ததும். "உள்ள வாங்குது. அங்கயே நில்லு."

"பாய், அசையாதீங்க" என்றாள் தையல்நாயகி. சுற்றிலும் பார்த்துவிட்டு, புயலில் ஒடிந்து காய்ந்து கிடந்த வேலமரக் கிளை ஒன்றை இருவருமாக இழுத்துவந்து சேற்றின்மேல் போட்டார்கள். அசன் பீவி அதன்மேல் முட்டி போட்டு நகர்ந்து போனாள்.

"ஷூவக் கழட்டுங்க."

"கழட்டிட்டு?"

"கால மட்டும் வெளிய எடுங்க. ஷூதான் உங்கள இழுக்குது."

"அசன், வெறுங்காலோட இந்த முள்ளுல எப்படி…"

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல!"

அவள் கத்தின கத்தலில் தண்ணீரோரம் நின்ற கொக்கு ஒன்று பறந்து போனது. அவர் சேற்றுக்குள் கையை விட்டுக் கயிற்றைத் தேடினார். முடிச்சு அவிழவில்லை. அவளும் தோள் வரை கையை விட்டாள். சேறு ஐஸ் மாதிரி இருந்தது. இருவர் விரலும் உள்ளே தட்டுப்பட்டுக்கொண்டன. ஒரு கயிறு தளர்ந்தது, கால் உருவிக்கொண்டு வந்தது. இன்னொன்று ரொம்ப நேரம் எடுத்தது. தையல்நாயகி பின்னாலிருந்து அசன் பீவியின் இடுப்பைப் பிடித்து இழுக்க, மூவரும் கிளைமேல் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். கிளையின் முள் எல்லோருக்கும் குத்தியது.

கெட்டித் தரைக்கு வந்ததும் தையல்நாயகிதான் முதலில் சிரித்தாள். "பாய், எங்க ஊட்டு எருமைய இப்படித்தான் போன மழைல தூக்குனோம்" என்றாள். பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று வாயை மூடிக்கொண்டாள். காதர் பாட்சா கோபப்படவில்லை. "எருமை கொஞ்சம் சொல்பேச்சு கேட்டிருக்கும்மா" என்றார்.

துப்பட்டாவை ஆட்டிக் காட்டத் தேவையில்லாமல் போயிற்று. நான் போய் டீச்சர்கிட்ட சொல்றேன், நீங்க மெதுவா வாங்க என்று தையல்நாயகி கிளம்பினாள்.

இருவரும் பாறை சரிந்து தண்ணீரில் இறங்குகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து கை கால் கழுவினார்கள். அவர் குதிகால் இரண்டிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவள் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டினாள். அவர் காலைக் காட்டிக்கொண்டு ஏரியையே பார்த்தார்.

"ஒரு ஒடிசாப் பையன்" என்று திடீரென்று ஆரம்பித்தார். "போன ரம்ஜானுக்கு முன்னால. பெல்ட் இல்லாம மேல நின்னான். எறங்குன்னேன், எறங்கிட்டான். நான் அடுத்த பிளாக்குக்குப் போனேன். நான் அந்தாண்ட போனதும் திரும்ப ஏறிக்கீறான்."

அவள் ஒட்டிக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை.

"சத்தம் கேட்டு ஓடியாந்தேன். அவ்ளோதான். அதுக்கப்புறம் யாரு ஒசரத்துல நின்னாலும் என்னால பாக்க முடியல, அசன். அதான் முடிச்சுக்கினு வந்துட்டேன். அங்க நின்னு உன்னப் பாத்துக் கத்தணும்னு நெனைக்கல. வாய் தானா கத்திடுச்சு."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"போன்ல இதையா பேசுவாங்க? நீ இங்க தனியா இருக்க. ராத்திரியெல்லாம் நெனச்சுக்கினு கெடப்ப."

அசன் பீவி தண்ணீரில் கையை அலம்பினாள். அவளிடமும் அப்படிச் சொல்லாதவை இருந்தன. "ஃபஸீஹாவுக்குக் காய்ச்சல்னு ஒரு தடவ சொன்னேனே, நெனப்பு இருக்கா? அது டெங்கு. ரத்தம் ஏத்துனாங்க. பாண்டி ஆஸ்பத்திரில ஒரு வாரம் தரையில படுத்துக்கெடந்தேன். உங்ககிட்ட சளின்னு சொன்னேன்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"புயலப்போ?"

"ஊட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி. மாடிப்படியில உக்காந்துக்கினு இருந்தேன்."

"கொஞ்சம் மழைதான்னு சொன்னியே!"

"நீங்க அங்கேர்ந்து இன்னா பண்ணுவீங்க?"

யார்மேலும் குற்றம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் இத்தனை வருஷம் நல்ல சேதியாகவே சொல்லிச் சொல்லி, ஒருவரையொருவர் பாதிதான் அறிந்திருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்தாள். கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை. கத்தியது கத்தியதுதான். ஆனால் அது வேறு எங்கிருந்தோ வந்த கத்தல் என்று இப்போது தெரிந்தது.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள். "நான் இனிமேயும் ஏறுவேன். டீச்சர் பாத்துக்குவாங்க. அத்தன பேரு எதுருல நீங்க அப்படி அதட்டக் கூடாது."

"சரி."

"எண்ணெ டின்ன எடுத்து ஒளிச்சு வெக்கக் கூடாது."

"அது அடுப்புப் பக்கத்துல…"

"எனக்குத் தெரியும்."

அவர் லேசாகச் சிரித்தார். "சரி" என்றார் மறுபடியும், அவ்வளவாக மனசில்லாமல்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் வந்திருந்தது. அங்கேயே ஏரித் தண்ணீரில் முகம் கை கால் கழுவி ஒளு செய்தார்கள். தட்டையான பாறையில் துண்டை விரித்து அவர் முன்னால் நிற்க, அவள் சற்றுப் பின்னால் நின்று தொழுதாள். காற்று இல்லாமல் ஏரி கண்ணாடி போலக் கிடந்தது.

பிறகு நடை. தன்னிடமிருந்த மாற்றுக் காலுறையையும் அவருடைய காலுறைக்கு மேலே மாட்டிவிட்டாள். அதற்கு மேல் தன் துப்பட்டாவை இரண்டாகக் கிழித்துக் காலில் சுற்றிக் கட்டினாள். அப்படியும் முள் குத்தியது. அவர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தரையைப் பார்த்தார். அவள் முன்னே போய்ச் சூரைமுள்ளை ஒதுக்கி, "இங்க வையுங்க, இங்க" என்றாள். வந்தபோது ஓடிவந்த தூரம் இப்போது முடிவில்லாமல் நீண்டது. நடுநடுவே உட்கார்ந்தார்கள். ஒரு இடத்தில் அவர், "அது இன்னா குருவி?" என்று கேட்டார். "மீன்கொத்திங்க" என்றாள். நீல முதுகோடு அது தண்ணீரில் பாய்ந்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்பிக் கிளைக்கு வந்தது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை மீன் கிடைக்கும்வரை அவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

குடைப்பாறையடியில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவர்களுக்கான எலுமிச்சைச் சோறும் இறால் தொக்கும் மல்லாட்டையும் தனியாக மூடி வைக்கப்பட்டிருந்தன. காதர் பாட்சா நேரே அருணாவிடம் போனார்.

"டீச்சர், நீங்க சொன்னதக் கேக்காம போனது என் தப்பு. உங்க ட்ரிப்ப நான் கெடுத்துட்டேன்."

"இன்னா பாய் நீங்க. உக்காருங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்றாள் அருணா. அதற்குப் பிறகு அவள் குரல் கொஞ்சம் மாறியது. "ஆனா அடுத்த தடவ குழுவ விட்டுட்டுத் தனியாப் போனா சேத்துக்க மாட்டேன். யாரா இருந்தாலும்."

"நியாயம்" என்றார் அவர். அவர் வேலை பார்த்த இடத்திலும் அதுதான் சட்டம்.

திரும்பும்போது கணவாயைத் தாண்ட மாலை ஆகிவிட்டது. இறக்கத்தில் இரண்டு இளைஞர்கள் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்கள். காலையில் அவர் அதட்டியவர்கள்தான். அவரும் வழியெல்லாம் ஒன்றும் சொல்லாமல் வந்தார். ஒரே ஒரு முறை, "அந்தக் கல்லு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

வேனில் ஏறியதும் தூங்கிப்போனார். கிளியனூரில் டீக்காக நிறுத்தியபோதுதான் விழித்தார். டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் ரப்பர் செருப்புகள் கொத்தாகத் தொங்கின. துப்பட்டா சுற்றிய காலோடு இறங்கிப் போய், நீலத்தில் ஒரு ஜோடியைக் காலில் போட்டுக்கொண்டு வந்தார். அசன் பீவி அவருக்குச் சர்க்கரை போட்ட டீயும் தனக்குப் போடாத டீயுமாக வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த மாசம் எங்க போறீங்க?"

"செஞ்சிக்கு அந்தாண்ட ஒரு மலைன்னு டீச்சர் சொன்னாங்க. இதவிட ஒசரமாம்."

அவர் டீயை ஊதிக் குடித்தார். "நீ போ. நான் வரல. என்னால அண்ணாந்து பாத்துக்கினு நிக்க முடியாது."

"சரிங்க."

"காலைல நீ கடக்கரைக்குப் போறல்ல? அதுக்கு வேணா வர்றேன். மணலுதான. வேகமாப் போவாத."

"மூணு நாளு மெதுவா நடக்கிறேன்" என்றாள் அசன் பீவி. "அதுக்கப்புறம் நீங்கதான் எட்டிப் போடணும்."

பிரான்சிஸ் ஹாரன் அடித்தான். அவர் புதுச் செருப்பு வழுக்காமல் பார்த்துக் கால் வைத்து வேனில் ஏறினார். அவள் தம்ளர்களைக் கடையில் கொடுத்துவிட்டு, அவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள்.